பெருவிரல் அளவு

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களுக்கென்ன, நரம்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். டாக்டரிடம் போகும்போது உடம்பு மட்டும்தான் கெட்டிருக்கும். வக்கீலைத் தேடிப் போகும்போது புத்தியும் சேர்ந்து கெட்டிருக்கும். தச்சன் அப்படித்தான் போனான். மரவேலையில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி செய்கிறவன் அவன். கதவுச் சட்டத்தில் ஆணி தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவன் வக்கீலம்மாவிடம் போய் மூன்றே வார்த்தையில் ஒரு பொய் சொன்னான். பக்கத்து நாற்காலியில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டியும் அதற்கு ஆமாம் போட்டாள்.

அவள் டப்பா மூடி அடிக்கும் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை பார்த்தவள். வண்ண டப்பா, எண்ணெய் டப்பா, பால்மாவு டப்பா, எல்லாவற்றுக்கும் மூடி அங்கிருந்துதான் போகும். நீளக் கொட்டகையில் பதினேழு இயந்திரங்கள், பதினேழு பெண்கள். தகரத் துண்டைக் கீழ் அச்சில் வைத்தால் மேல் அச்சு இறங்கி ஓர் அடி அடிக்கும். மூடி தயார். மேல் அச்சை இறக்க வலப்பக்கம் ஒரு பொத்தான், இடப்பக்கம் ஒரு பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு நடுவில் எந்தக் கை போய் மாட்டும்? இதைக் கண்டுபிடித்தவன் நல்ல மனசுக்காரன்தான்.

ஆனால் ஒரு பொத்தானில் எதையாவது சொருகி அது அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டால், ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகரத்துக்கு. வேலை ஒன்றரை மடங்கு ஓடும். முதலில் எந்த மகராசி அதைச் செய்தாளோ தெரியாது. ஓடிய ஒன்றரை மடங்கையே கம்பெனி தினக் கணக்காக்கிவிட்டது. அதற்கப்புறம் சொருகாதவள் சோம்பேறி என்று ஆகிவிட்டது.

எல்லோரும் அட்டையை மடித்துச் சொருகினார்கள். சிலர் ரப்பர் துண்டு, சிலர் பாட்டில் மூடி. தச்சன் மனைவிக்கு மட்டும் இடது கைப் பழக்கம். கம்பெனியில் அவளுக்குப் பேரே இடக்கை. மற்றவர்கள் வலப்பக்கப் பொத்தானில் சொருகினால் அவள் இடப்பக்கத்தில் சொருக வேண்டும். அங்கே பொத்தானுக்கும் இயந்திரத்தின் தூணுக்கும் நடுவே சந்து மிகவும் குறுகல். எதை வைத்தாலும் நழுவி விழுந்தது.

"நேத்தும் கணக்கு குறைஞ்சு போச்சு," என்றாள் ஒருநாள் சாயங்காலம், பட்டறை வாசலில் வந்து நின்றுகொண்டு. "கடிகாரம் எல்லார் முன்னாலயும் கேக்கறான், இடது கைக்குன்னு தனியா ஒரு கம்பெனி கட்டித் தரட்டுமான்னு."

கடிகாரம் என்பது சூப்பர்வைசர். யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் மணி பார்ப்பான்.

"எவ்வளவு இடம் இருக்கு அந்தச் சந்துல?"

"என் பெருவிரல் போற அளவுதான்."

"கையைக் காட்டு."

ஒரு கதவுச் சட்டத்தில் மிஞ்சிய தேக்குத் துண்டு கிடந்தது. அதன்மேல் அவள் பெருவிரலை வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் சுற்றிக் கோடு போட்டான்.

"அசையாதே."

"கூசுது, விடுங்க," என்று சிரித்தாள்.

அன்றைக்கே செய்து கொடுத்தான். ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் நேர். அமுக்கிச் சொருகவும் சட்டென்று இழுக்கவும் பெருவிரல் உட்காருகிற மாதிரி ஒரு குழி. தொலைந்துபோகக் கூடாதென்று ஒரு துளை போட்டு மகளின் ரிப்பனில் பாதியை வாங்கிக் கோர்த்துவிட்டான். பூப்போல உட்கார்ந்தது. அந்த வாரமே இடக்கையின் கணக்கு எல்லோரையும் தாண்டியது. விடுவார்களா மற்றவர்கள்? "தச்சண்ணே, எங்களுக்கும் ஒண்ணு" என்று ஒவ்வொருத்தியாகப் பட்டறைக்கு வந்து விரலை நீட்டினார்கள். அவனும் சளைக்காமல் அளவெடுத்து, ஒவ்வொருத்திக்கும் அவள் விரலுக்கு ஏற்றபடி குழி வைத்துச் செய்து கொடுத்தான். மனைவி பேர் பெரிதாகிறது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அது நடந்தது ஒரு மத்தியானம். அடித்த மூடி அச்சில் ஒட்டிக்கொண்டது. இடது கையால் அதைத் தட்டிவிடப் போனாள். எட்டு வருடப் பழக்கத்தில் வலது கை தன்பாட்டுக்குப் பொத்தானை அமுக்கியது. அவ்வளவுதான். நாலு விரல் போய்விட்டது. பெருவிரல் மட்டும் தங்கியது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கம்பெனி ஆள் ஒருவன் ஆப்பிளும் ஒரு தாளும் கொண்டு வந்தான். என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று தாளில் அடித்திருந்தது. கையெழுத்துப் போடுகிற கையை எடுத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். தச்சன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். ஆப்பிளையும் திருப்பிக் கொடுத்தான். பக்கத்துக் கட்டில்காரி, ஆப்பிள் என்ன பாவம் செய்தது என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் வேறொரு கூட்டம் இருந்தது. அட்டை கொடுக்கிற ஆட்கள். கட்டுப்போட்டு யார் வந்தாலும் வக்கீல் பேர் போட்ட அட்டையைச் சட்டைப் பையில் சொருகிவிடுவார்கள். ஒருவன் ரொட்டி வாங்கித் தந்தான். ஒருவன் அவள் கையைப் பார்த்து அழுதே விட்டான். தச்சனே அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. கட்டு மாற்றும் நர்ஸ்தான் சொன்னாள்.

"அந்தப் பசங்ககிட்ட சிக்கிடாதீங்க. பெரிய ரோட்டுல டயர் கடை மாடியில ஒரு அம்மா இருக்காங்க. மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்க. ஆனா எடுத்த கேஸை விட மாட்டாங்க."

டயர் கடை மாடி முழுக்க ரப்பர் நாற்றம். கீழே காற்றடிக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை உஸ்ஸென்று மூச்சுவிட்டது. வக்கீலம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசினாள்.

"ஜெயிச்சாத்தான் எனக்குக் கூலி. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. உங்களுக்கு எதிரா என்ன இருக்கோ அதை முதல்ல சொல்லுங்க. எதிராளி வாயில இருந்து நான் அதை முதல்முதலா கேக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க," என்றான் தச்சன்.

மிஷினைப் பற்றிக் கேட்டாள். பொத்தானைப் பற்றிக் கேட்டாள். தச்சன் மனைவி மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஆய்வாளர் வருகிற அன்றைக்குக் காலையிலேயே கடிகாரம் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வரிசையாக வந்து எல்லாக் கட்டையையும் வாங்கி மேசைக்குள் பூட்டிவைப்பான், ஆய்வாளர் போனதும் திருப்பிக் கொடுப்பான் என்றும் சொன்னாள். வக்கீலம்மா அதை எழுதிக்கொண்டு இரண்டு கோடு போட்டாள்.

"சரி. உங்க மிஷின்ல இருந்த கட்டை, அதை யார் குடுத்தது?"

கீழே காற்று இயந்திரம் உஸ்ஸென்றது.  பத்து நாளாகத் தச்சன் ஒரே நினைப்பில் இருந்தான். இந்த வழக்கில் ஜெயித்து, குற்றம் கம்பெனியுடையது என்று ஒரு நீதிபதி வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் தன் கையைத் தான் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"சூப்பர்வைசர்தான் குடுத்தாரு, அம்மா."

வக்கீலம்மா திரும்பினாள். "அப்படியாம்மா?"

தச்சன் மனைவி கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். அது காதில் செருகியிருந்த பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது.

"ஆமாங்க," என்றாள்.

வக்கீலம்மா வழக்கை நடத்துவதற்கு வக்காலத்துத் தாளில் ஒப்பம் வேண்டும். இவளால் எழுத முடியாது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது வருடப் பழக்கத்தில் சொன்னான்.

"இடது பெருவிரலை வைங்கம்மா."

 முழங்கைவரை வெள்ளைத் துணி சுற்றிய இடது கை மடியில் கிடந்தது.

"யோவ், கண்ணைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்தியா," என்றாள் வக்கீலம்மா.

தச்சன் மனைவி வலது கைப் பெருவிரலை நீட்டினாள். குமாஸ்தா அதைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் வைத்தான். துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தபோது அவள் அவனிடம் சொன்னாள்.

"நான் பத்தாவது படிச்சவங்க."

அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பிவிடும், பட்டறையில் வேலை இராது. தச்சன் வீட்டில்தான் இருந்தான். அடுப்பும் அவன் கைக்கு வந்தது. வெங்காயத்தை அளவெடுத்ததுபோல் நறுக்குவான், ஆனால் அடுப்பில் போட்டதும் கருக்கிவிடுவான். மூன்று பேரும் முட்டையையும் கருகின வெங்காயத்தையும் தின்றார்கள். பத்து வயது மகளுக்குப் பின்னலும் அவன்தான் போட்டான். கயிறு திரிக்கத் தெரிந்த கை, பின்னலும் கயிறு மாதிரியே வந்தது.

"டீச்சர் கேட்டாங்க, கிணத்துல தண்ணி இறைக்கப் போறியான்னு," என்றாள் மகள்.

"நாளைக்கு நல்லாப் போட்டுவிடறேன், பாப்பா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

மனைவி சுவரோரம் உட்கார்ந்து, மகளின் நாலு கோடு நோட்டில் வலது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் குடித்தவன்போல ஆடின. ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அரிக்குதுங்க."

"எங்கே?"

"நடுவிரல்ல. நுனியில."

தச்சன் தலையணைமேல் கிடந்த கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். நடுவிரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தலையணை உறைதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த உறையைச் சொறிந்துவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள். அவன் மேலே சொறிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "அன்னிக்கு நீ ஏன் ஆமான்னு சொன்னே?"

"நீங்க சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் இல்லேன்னு சொன்னா, அந்தம்மா முன்னாடி உங்க மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது?"

"தப்புப் பண்ணிட்டேன்."

"எதைச் சொல்றீங்க?"

  கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது, ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளி நிரம்பியிருந்தது. அவன் எழுந்துபோய் அதைக் கொட்டிவிட்டு வந்தான்.

பிஸ்கட் டப்பா விஷயத்தை யாராவது ஒருத்தி வந்து சொன்னால் போதும், கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபித்துவிடலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். ஒருத்தி என்றால் ரேடியோதான். பக்கத்துத் தெரு, பக்கத்து மிஷின், பத்து வருடச் சிநேகிதம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை குடையோடு வந்தாள். மழையைச் சொன்னாள், மாமியார் மூட்டுவலியைச் சொன்னாள், கக்கூஸில் தண்ணீர் வராததைச் சொன்னாள், கடிகாரத்துக்குத் தலையில் முடி கொட்டுவதைக்கூடச் சொன்னாள். அவள் மூச்சு வாங்கிய நேரத்தில் இடக்கை கேட்டாள்.

"அக்கா, அந்த பிஸ்கட் டப்பாவை மட்டும் நீங்க வந்து சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ரேடியோ நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றினதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லலாம்டி," என்றாள் பிறகு. "நான் சொன்னா கட்டையைத் தூக்கிடுவாங்க. கணக்கைத் தூக்குவாங்களா?"

"அது…"

"தூக்க மாட்டாங்க. கட்டை இல்லாம அந்தக் கணக்கை எவ முடிப்பா? முடிக்காதவளை வீட்டுக்கு அனுப்புவான். என் வீட்ல நாலு வாய்க்கு இந்த ரெண்டு கைதான்…" சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி நான், என்னத்தைச் சொல்லிட்டேன் பாரு."

"பரவாயில்லக்கா. உள்ளதுதானே."

மழை விடக்கூடக் காத்திருக்காமல் ரேடியோ எழுந்து போய்விட்டாள்.

நாலாவது வாரம் வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மகளைத் தனியே விட முடியாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாடி ஏறும்போதே காற்று இயந்திரம் உஸ்ஸென்று வரவேற்றது.

"கம்பெனி பதில் வந்திருக்கு," என்றாள் வக்கீலம்மா. "சூப்பர்வைசர் எந்தக் கட்டையும் குடுக்கல, குடுத்ததா நான் எழுதினது பொய்யின்னு எழுதியிருக்காங்க. கூடவே ஒரு போட்டோவும் வச்சிருக்காங்க. பாருங்க, இதுதானா அந்தக் கட்டை?"

மேசைமேல் படத்தை வைத்தாள். பெரிதாக எடுத்த படம். தேக்கின் ரேகைகூடத் தெரிந்தது. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருந்தார்கள். துளையில் கோர்த்த ரிப்பன் பாதி மஞ்சளாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தது. மஞ்சளில் வெள்ளைப் புள்ளிகள்.

"இது கம்பெனிக்காரங்க செஞ்சு குடுத்ததா? ஏன் கேக்கறேன்னா, கம்பெனியில இவ்வளவு அழகா எவனும் செய்ய மாட்டான்."

தச்சன் வாயைத் திறப்பதற்குள் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது என் ரிப்பன். நீங்க கேட்டீங்கன்னு பாதி வெட்டிக் குடுத்தேனே." பின்னலை முன்னால் இழுத்து வக்கீலம்மாவுக்குக் காட்டினாள். "மீதி இங்க இருக்கு பாருங்க."

கயிறு மாதிரியிருந்த பின்னலின் நுனியில் மஞ்சள் ரிப்பன் இருந்தது. வெள்ளைப் புள்ளிகள்.

வக்கீலம்மா அதையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள். "நல்ல ரிப்பன்டா கண்ணு," என்றாள். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "பாப்பாவைக் கீழ கூட்டிட்டுப் போங்க. லாரி டயர் எவ்வளவு பெரிசுன்னு காட்டுங்க," என்றாள்.

கதவு மூடியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மறைச்சதுமில்லாம எனக்கே பரிமாறியிருக்கீங்க. நானும் தின்னுட்டு, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"நான்தாங்க கேட்டேன்," என்றாள் மனைவி. "அவரா செய்யல. நான் கேட்டுத்தான் செஞ்சாரு. கணக்கு குறையுதுன்னு அழுதேன்."

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. உங்களைப் பேசவிட்டுத்தான் இங்க வந்து நிக்கறோம்."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் வக்கீலம்மா. "யார் செஞ்சதுங்கறது பெரிசே இல்லைய்யா. அதை வச்சு வேலை நடக்கறது கம்பெனிக்குத் தெரியும், தெரிஞ்சும் கணக்கை ஏத்தினாங்க. அதுதான் கேஸ். அன்னிக்கே நீங்க 'நான்தான் செஞ்சேன்'னு சொல்லியிருந்தா, சரி, மேல சொல்லுங்கன்னு போயிருப்பேன். இப்ப? முதல் பக்கத்துலயே பொய் சொன்னவங்க பிஸ்கட் டப்பாவை மட்டும் நிஜமாச் சொல்றாங்கன்னு எந்த நீதிபதி நம்புவாரு? வேற சாட்சியும் கிடைக்கல."

தச்சன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டையின் ஓரத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லை. அத்தனையும் நடந்த பிறகும் சரிவு சரிவாகவே இருந்தது, குழி குழியாகவே இருந்தது.

"நான் பயந்தது அதுக்கில்லங்க," என்றான்.

"பின்னே எதுக்கு?"

"முன்னாடி எல்லாரும் அட்டையைச் சொருகினாங்க. அட்டை நழுவும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். மிஷின் நின்னுரும். இந்தக் கட்டை நழுவாது. நழுவக் கூடாதுன்னு நான் செஞ்சேன். விரலை வச்சு அளவெடுத்துச் செஞ்சேன்." படத்தைக் கையால் தள்ளினான். "கொஞ்சம் மட்டமாச் செஞ்சிருந்தா அன்னிக்கு அது விழுந்திருக்குமுங்க. அச்சு இறங்கியிருக்காது."

அவன் அழுததை அவன் மனைவி கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. வலது கையை அவன் முதுகில் வைத்தாள்.  "அப்படி நினைக்காதீங்க" என்று சொல்லலாம்தான். ஆனால் அவளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்திருந்தாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரு புதுத் தாளை எடுத்தாள்.

"முதல்ல இருந்து எழுதலாம். இதுக்கப்புறம் ஜெயிப்போம்னு நான் சொல்ல மாட்டேன். உள்ளதை எழுதுவோம். இந்தக் கட்டையை நான் செய்தேன்… சரி. இது ஒண்ணுதான் செஞ்சீங்களா?"

தச்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இல்லங்க. எல்லாருக்கும் செஞ்சேன்."

"எல்லாருக்கும்னா?"

"காலை ஷிப்டுக்கு. பதினேழு."

"மத்த பதினாறும் எங்க இருக்கு?"

"அவங்கவங்ககிட்டதான்."

"இப்பவுமா?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. தச்சன் அதைப் பார்த்தான். வக்கீலம்மாவும் பார்த்தாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒரு கையைத் தவிர வேறெதையும் யாரும் நினைக்கவில்லை.

"இப்ப ஓடிட்டிருக்குங்க," என்றான்.

 வக்கீலம்மா பேனாவை மூடினாள்.

"வக்கீலாச் சொல்றதுன்னா, அந்தப் பதினாறுல ஒண்ணாவது என் மேசைக்கு வரணும், இதெல்லாம் நடந்தது நிஜம்னு காட்ட. வக்கீலை விடுங்க. சும்மா ஒரு பொம்பளையாச் சொல்றேன். முதல்ல போய் அதைப் பிடுங்குங்கய்யா."

உள்ளதையெல்லாம் எழுதி முடித்த வாக்குமூலத்தின் கீழ் மனைவி வலது கையால் தன் பெயரை எழுதினாள். எழுத்து கோட்டைவிட்டு இறங்கிப் போயிருந்தது. ஆனால் பெயர்தான் அது. குமாஸ்தா மைப்பெட்டியை எடுக்கவேயில்லை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்போது தச்சன் கம்பெனி வாசலில் ஒரு துணிப்பையோடு நின்றான். தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லோரையும் அவனுக்குத் தெரியும். முகம் மறந்தாலும் விரல் மறக்காது.

"தச்சண்ணே, அவ எப்படி இருக்கா?"

"இருக்கா. நான் செஞ்சு குடுத்த கட்டையைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. பையில போட்டுருங்க."

"எதுக்கு?"

"வேண்டாம்மா. அது ஆபத்து. தெரியாமச் செஞ்சுட்டேன்."

ஒருத்தி சிரித்தாள். "கட்டையை உங்ககிட்ட குடுத்துட்டு நாளைக்கு எதைச் சொருகறதாம், என் தலையையா?"

"அட்டையை வைங்க. முன்னாடி அதைத்தானே வச்சீங்க."

"அட்டை நழுவுதே."

"நழுவட்டும்மா. அதைத்தான் சொல்றேன். நழுவறதுதான் நல்லது. நான் செஞ்சது நழுவாது."

"நழுவாதுன்னுதானே உங்ககிட்ட வந்தோம்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூறலில் நடந்தாள்.

அவன் ஒவ்வொருத்தியாகக் கேட்டான். ஒருத்தி, வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். ஒருத்தியின் மடியில் கட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டு போனாள். ஒருத்தி, தன்னுடையது தேய்ந்துவிட்டது, வெயில் வந்ததும் புதிதாக ஒன்று செய்து தர வேண்டும் என்றாள். ரேடியோ அவனைப் பார்த்தாள். வாய் திறப்பாள்போல இருந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். உள்ளே கடிகாரம் ஜன்னலருகே நின்று கையைத் திருப்பி மணி பார்த்தான்.

பை காலியாகவே இருந்தது. மழையில் நனைந்து கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒருத்தி வந்தாள். இருபது வயதிருக்கும். புதிது, அவன் பார்த்ததில்லை. நேராக அவனிடமே வந்தாள்.

"அண்ணே, கட்டை செய்யறவரு நீங்கதானே? ரேடியோ அக்கா காட்டினாங்க."

"நீ யாரும்மா?"

"மூணு வாரமாச்சு வந்து. உங்க வீட்டு அக்கா இருந்த மிஷின்லதான் இருக்கேன். நானும் இடக்கைதான். அதனாலதான் அதைக் குடுத்தாங்க." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அட்டை நிக்கவே மாட்டேங்குதுண்ணே. அந்தச் சந்து ரொம்பக் குறுகல். நேத்தும் கணக்கு குறைஞ்சு, இன்னிக்கும் குறைஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. விரல் அளவு எடுப்பீங்களாமே."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். இடது கை. தகரத் தூள் ஒட்டியிருந்தது. நகத்தில் பழைய மருதாணி மங்கிப்போயிருந்தது. ஐந்து விரலும் இருந்தன.

தச்சன் பையைக் கீழே போட்டான். அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கண்ணே, கூசுது," என்று அவள் சிரித்தாள்.

அவன் விடவில்லை.